ஆவாஹனம் 14: ஏரிக்குப் போன கலசம்

போன வாரம் ஜோதிமணியை மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் டீ டம்ளர் வேறு. இந்நேரம் ஆறி, மேலே ஆடை கட்டியிருக்கும்.

எதற்காக நின்றாள் என்பதை மறந்துபோனவர்களுக்கு நாலு வரி. ஜோதிமணி ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறவள். முப்பது வயதுக்கு மேல் தபாலில் சமஸ்கிருதம் படித்து எல்லாப் பரீட்சையும் தேறியவள். தினமும் காலையில் ஒரு சமஸ்கிருதச் சொல்லை எடுத்து, அதற்கு இதிகாசத்திலிருந்து ஒரு கதை சொல்லி, வாட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிடக் குரல் பதிவாகப் போடுவாள். இருநூறு பேருக்கு மேல் கேட்கிறார்கள். குழுவை ஆரம்பித்துக் கொடுத்தவன் அவள் கொழுந்தன் கௌதம். எட்டு மாதத்துக்கு முன்னால் உத்தனப்பள்ளி ஏரி வளைவில் லாரி மோதிச் செத்துப்போனவனும் அவன்தான்.

நேற்று, தன் பதிவை யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியலை ஜோதிமணி தற்செயலாகத் திறந்து பார்த்தாள். முதல் பெயர் கௌதம். முந்தின நாள் பதிவிலும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

மாடியில் தனியாக இருப்பவள் கௌதமின் மனைவி சரிதா. செத்தவன் போன் பெண்டாட்டியிடம்தான் இருக்கும், கேட்டுவிடலாம் என்று விடிந்ததும் படியேறினாள் ஜோதிமணி. பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. மேலே பேச்சுக் குரல். ஒரே குரல்தான், சரிதாவின் குரல். ஆனால் அது ஏதோ கேட்டது, பதில் வருகிற அளவுக்குப் பொறுத்தது, பிறகு மெதுவாகச் சிரித்தது.

மிச்சப் படிகளை ஏறி, கதவைத் தட்டக் கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

"வாங்கக்கா. டீயா? நானே கீழ வரலாம்னு இருந்தேன்."

சரிதா குளித்துத் தலை துவட்டி, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். கணவன் இறந்த நாளிலிருந்து இந்தப் பெண் அழுது ஜோதிமணி பார்த்ததில்லை. அழாமல் வேலைக்குப் போனாள், அழாமல் சோறு தின்றாள். அதுவே வீட்டில் ஒரு பாரமாக இருந்தது.

"ட்யூட்டி இல்லையா?"

"லீவுக்கா."

டீயை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றினாள் சரிதா. ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்தாள். இன்னொன்றைத் தான் குடித்தாள். ஜோதிமணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"கௌதம் போன் உங்கிட்டயா இருக்கு சரிதா?"

"இல்லக்கா. போலீஸ்காரங்க மாமாகிட்டதான குடுத்தாங்க."

மாமா என்றால் ஜோதிமணியின் கணவன் ரத்தினவேல். அவர் இதுவரை அந்தப் போனைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. ஜோதிமணி மேலே கேட்குமுன் அறை மூலையில் இருந்தது கண்ணில் பட்டுவிட்டது. தட்டில் அரிசி பரப்பி, அதன்மேல் ஒரு பித்தளைக் கலசம். வாயில் தேங்காய், சுற்றிலும் மாவிலை.

"எப்ப வெச்ச இதை?"

"இன்னையோட நாப்பத்தெட்டு நாள்."

"இலை மாத்திக்கிட்டே இருக்கியா?"

"மாத்தவே இல்லக்கா."

ஜோதிமணி குனிந்து ஓர் இலையைத் தொட்டாள். காம்பை லேசாகக் கிள்ளினாள். மரத்திலிருந்து அந்த நிமிடம் பறித்தது போல் காம்பில் பால் கசிந்து விரலில் ஒட்டியது.

நாற்பத்தெட்டு நாள் என்றதும் அவளுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்ன சொல் 'ஆவாஹனம்'. அதற்கு எடுத்த கதை குந்தி. சின்னப் பெண், முனிவர் கொடுத்த மந்திரம் நிஜமா பொய்யா என்று பார்க்கிற ஆசை. சூரியனைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவன் வந்து எதிரில் நின்றுவிட்டான். பயந்துபோய், தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், போய்விடுங்கள் என்று கெஞ்சினாள் குந்தி. அழைத்த பிறகு வெறுமனே திரும்பிப் போக முடியாது என்றான் அவன். கதை முடிந்ததும், நம் வீட்டுக் கலசத்துக்கும் இதே அழைப்புதான் என்று இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தாள் ஜோதிமணி. 'இஹ ஆகச்ச.' இங்கே வா. 'இஹ திஷ்ட.' இங்கே இரு. மூன்று நிமிடம் ஆகிவிட்டது. வந்தவரைத் திருப்பி அனுப்புவது எப்படி என்பதை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நிறுத்தினாள். மறுநாள் வேறு சொல் வந்துவிட்டது. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

"யாரக் கூப்பிட்ட சரிதா?"

சரிதா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாள். "அஞ்சுல வெச்சா அவருக்குத் தலை வலிக்கும்" என்றாள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தொனியில். பிறகு, "நேத்து கங்கைக் கதைய பாதில விட்டுட்டீங்களேக்கா. மிச்சம் என்ன?" என்றாள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதை சொல்கிற எல்லோருக்கும் ஒரு கெட்ட புத்தி உண்டு. நல்ல இடத்தில் நிறுத்தி, கேட்கிறவர்களைத் தவிக்க விடுவதில் ஒரு சந்தோஷம். எனக்கும் உண்டு, ஜோதிமணிக்கும் உண்டு. பாரதப் போர் முடிந்து பல வருடம் கழித்து, காந்தாரியும் குந்தியும் விதவைப் பெண்களும் கங்கைக் கரையில் கூடியிருக்க, வியாசர் தண்ணீரில் இறங்கி நின்று செத்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தண்ணீர் கொந்தளிக்கிறது. அந்த இடத்தில் நேற்றைய பதிவை முடித்திருந்தாள்.

பயந்துபோன மனுஷி, தனக்குத் தெரிந்த விஷயத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள்.

"எல்லாரும் எந்திரிச்சு வர்றாங்க. பீஷ்மர், கர்ணன், அபிமன்யு. யார் மேலயும் காயம் இல்ல, யாருக்கும் யார் மேலயும் கோவம் இல்ல. ஒரு ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருக்காங்க. விடிஞ்சதும் தண்ணிக்குள்ள இறங்கிப் போயிடறாங்க."

"பொண்டாட்டிங்க?"

"விருப்பப்பட்டவங்க கூடவே போலாம்னு வியாசர் சொன்னாரு. இறங்கினாங்க. போயிட்டாங்க."

"விருப்பப்பட்டவங்க மட்டும்" என்றாள் சரிதா.

"ஆமா."

கீழே கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சாயங்காலம் உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லிவிட்டு ஜோதிமணி இறங்கி ஓடினாள். தவறாமல் பதில் சொன்ன திருப்தி அவள் முகத்தில் கொஞ்சம் இருந்தது.

பதினோரு மணி டீ இடைவேளை. கேன்டீனுக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் அருகே நின்று கங்கைக் கதையின் மிச்சத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தாள் ஜோதிமணி. "விருப்பமுள்ள பெண்கள் கணவர்களோடு நீரில் இறங்கலாம் என்றார் வியாசர்" என்று சொல்லும்போது தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. காலையில் பட்டுப்புடவை கட்டி நின்றவளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரிதாவின் போன் அணைந்திருந்தது. சரிதா வேலை பார்க்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசரான மோகனப்ரியாவை அழைத்தாள்.

"லீவா? அவங்க நேத்தே வேலைய விட்டுட்டாங்க மேடம். யூனிஃபார்ம், ஐடி கார்டு, லாக்கர் சாவி எல்லாம் நீட்டா குடுத்துட்டுப் போனாங்க. யூனிஃபார்ம துவைச்சு இஸ்திரி போட்டு வேற. ஊருக்குப் போறேன்னாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

இருபது நாளைக்கு முன்னால் ஜோதிமணி விளக்கிய சொல் 'உபசம்ஹாரம்', ஏவிய அஸ்திரத்தைத் திரும்ப அழைத்துக்கொள்வது. அர்ஜுனனுக்கு அது தெரியும். அசுவத்தாமனுக்கு ஏவ மட்டும்தான் தெரியும். எத்தனை சுவாரசியமாகச் சொன்னாள் அதை! தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு விளையாடுகிறவனை என்னவென்று சொல்வது என்று கேட்டு முடித்திருந்தாள். இப்போது அந்த வார்த்தைக்கு அவளே ஆளாகி நின்றாள்.

ரத்தினவேலுக்குப் போன் செய்தாள். அன்று அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட். வீட்டில்தான் இருந்தார். கால் மணியில் பைக்கோடு கேட்டுக்கு வந்துவிட்டார்.

"மேல போய்ப் பாத்தேன். ஆள் இல்ல. அந்தக் கலசமும் இல்ல" என்றார்.

"ஜன்னல் திட்டுல ஒரு டம்ளர் இருந்துச்சே?"

"இருந்துச்சு. காலியா இருந்துச்சு. ஏன்?"

ஜோதிமணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போகிற இடத்தை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. உத்தனப்பள்ளிதான் சரிதாவுக்குப் பிறந்த ஊர். கௌதம் செத்த இடமும் அதுதான்.

ராயக்கோட்டை ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக் போயிற்று. இரண்டு பக்கமும் பாலிதீன் கூடாரங்கள், உள்ளே ரோஜா. ரத்தினவேல் அதிகம் பேசாதவர். கரூர்ப் பக்கமிருந்து இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே வேலைக்கு வந்தபோது, அப்பா அம்மா இல்லாத பன்னிரண்டு வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவர். தங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை தெரியாமல் அவனை வளர்த்தார்கள் இருவரும். அவன் செத்தபோது சடங்கெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

"ஏங்க, கௌதம் போன் உங்ககிட்டயா இருக்கு?"

ரத்தினவேல் ஒரு லாரியை முந்தினார். பிறகு காற்றோடு சேர்த்துச் சொன்னார். "என் லாக்கர்ல இருக்கு. ரீசார்ஜ் பண்ணி வெச்சிருந்தேன். காலைல டீ டைம்ல உன் பதிவ அதுலதான் கேப்பேன். அவன்தான மொதல்ல கேப்பான். விட்டுப்போகக் கூடாதுன்னு."

ஜோதிமணிக்கு ஒரே நேரத்தில் ஆத்திரமும் அழுகையும் வந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். "நேத்துலேர்ந்து உசுரக் கையில புடிச்சிட்டு அலையறேன். நீங்கதானா அது? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சு."

பேய் இல்லை, பிசாசு இல்லை, தன் புருஷன்தான். அவள் மூச்சு சீரானது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து கங்கைக் கதையும் கேட்டீங்களா?"

"இல்ல. அந்தப் போன் செத்துப்போயி பத்து நாளாச்சு. சார்ஜே ஏறல. அதுக்கப்புறம் என் போன்லதான் கேக்கறேன்."

நேற்றைய பட்டியலில் முதல் பெயர் கௌதம்தான். முந்தாநாளும் அதுதான். ஜோதிமணி கணவனின் சட்டையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

சரிதாவின் அப்பா கிருஷ்ணப்பன் தக்காளிப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் முகம் சரியில்லை.

"வாம்மா. வாங்க. எம் பொண்ணத் தேடித்தான வந்தீங்க? பன்னண்டு மணிக்கு வந்தா. அஞ்சு நிமிசம்கூட இருக்கல. சொம்பு ஒண்ண இடுப்புல வெச்சிட்டிருந்தா, கொழந்தைய வெச்சிருக்கற மாதிரி. ஏரிக்குப் போயிட்டு வந்துர்றேன்னா."

"நீங்க விட்டீங்களா?"

"அவ தனியாப் போனா நான் விடுவனாம்மா?" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். உதட்டை நக்கிக்கொண்டார். "அவ வந்ததும் மோர் குடுத்தேன். ரெண்டு டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். ரெண்டையும் அவ கையில குடுத்து, சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னேன். போங்கன்னு. எம் பொண்ண நான் எப்பம்மா வாங்க போங்கன்னு பேசியிருக்கேன்? அவ போனப்பறந்தான் யோசிக்கறேன், எதுக்கு ரெண்டு ஊத்தினேன்னு. தேவுடா..."

அவர் அங்கேயே தக்காளிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஜோதிமணியும் ரத்தினவேலும் ஏரிக்கு ஓடினார்கள்.

மணி ஒன்று இருக்கும். வானம் மூடிக்கொண்டு, வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஒரு சாம்பல் வெளிச்சம். ஏரிமேட்டுக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில்தான் அன்று கௌதமின் பைக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் ஜோதிமணி மேட்டில் ஏறினாள். மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் எல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றன. ஒன்றுகூட ஏரியில் இறங்கவில்லை.

சரிதா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கலசம். அரக்குப் பட்டின் முந்தானை தண்ணீரில் மிதந்தது.

"சரிதா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் வெறியோ அழுகையோ இல்லை. ரொம்பக் களைத்த முகம், மூன்று ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்தவளுடையது போல.

ஜோதிமணி செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். சேறு காலை இழுத்தது. இன்னும் பத்தடி இருக்கும்போது சரிதா கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லுங்கக்கா. இங்க இடம் இல்ல."

அவளைச் சுற்றிலும் ஏரிதான் இருந்தது. ஆனாலும் ஜோதிமணி நின்றுவிட்டாள். சரிதாவுக்கு வலப்புறம், ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் அலையில்லாமல் எண்ணெய் மாதிரி கிடந்தது.

"சாமி, நான் சொன்னது தப்பு" என்றாள் ஜோதிமணி. "கதைய முழுசாச் சொல்லல. திரௌபதி தன் அஞ்சு பிள்ளைகளையும் பாத்தா. பாத்துட்டுக் கரைக்கு ஏறி வந்துட்டா. சுபத்திரை வந்துட்டா. குந்தி கர்ணனப் பாத்தா, அவளும் வந்துட்டா. யாரும் யாரையும் இழுக்கல. செத்துப் போயிடாத சரிதா. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன். கௌதமையும் குடுத்துட்டு உன்னையும் குடுக்க என்னால முடியாது."

சரிதா அவளை வியப்போடு பார்த்தாள்.

"நான் சாகறதுக்கு வரலக்கா. இவரக் கொண்டாந்து விடறதுக்கு வந்தேன்."

ஜோதிமணிக்குப் புரியவில்லை.

"மொதல்ல நல்லாதான் இருந்துச்சு. கூப்பிட்ட ஏழாம் நாள் வந்தாரு. ஹெல்மெட் மாட்டிட்டு, கதவுகிட்ட நின்னாரு. பேச மாட்டாரு. நான்தான் பேசுவேன். அப்புறம் போகவே இல்ல. நான் தூங்கறப்ப நிக்கறாரு. குளிக்கறப்ப வெளிய நிக்கறாரு. லைன்ல வேல பாக்கறப்ப என் ஸ்டூலுக்குப் பின்னாடி நிக்கறாரு. என்னால முடியலக்கா. போகச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு நீங்க சொல்லித் தரவே இல்ல. கூப்பிடறதுக்கு மட்டுந்தான சொல்லிக் குடுத்தீங்க?"

அந்த வார்த்தை ஜோதிமணியின் நெஞ்சில் போய் இறங்கியது.

"விருப்பப்பட்டவங்க கூடப் போலாம்னீங்க" என்றாள் சரிதா. "எனக்கு விருப்பம் இல்லக்கா. எனக்கு இருபத்தாறு வயசு. வேலைய விட்டுட்டு, சேலத்துல என் ஃப்ரெண்டுகூட போயி இருக்கலாம்னு இருக்கேன். ஆனா இவரு அங்கயும் வந்து நிப்பாரே. அதான் தண்ணி வரைக்கும் கூட்டியாந்துட்டு, நான் மட்டும் திரும்பிரலாம்னு நெனச்சேன். இறங்க மாட்டேங்கறாரு. நான் எவ்ளோ தூரம் இறங்கறனோ அவ்ளோ தூரந்தான் வர்றாரு."

"எதுக்காக நிக்கறான்? உனக்குத் தெரியுமா?"

இப்போதுதான் சரிதா அழுதாள். எட்டு மாதத்து அழுகை. கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் போட்டு அழுதாள்.

"தினமும் கெளம்பறப்ப ஹெல்மெட் மாட்டிட்டுக் கதவுகிட்ட நிப்பாரு. நான் 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னாத்தான் படி இறங்குவாரு. அன்னிக்கு எங்களுக்குச் சண்ட. எங்க ஊர் பண்டிகைக்கு லீவு போட மாட்டேன்னுட்டாரு. அப்புறம் மனசு மாறி, நானே போயி உங்கப்பாகிட்ட வர்றோம்னு சொல்லிட்டு வர்றேன்னு கெளம்பினாரு. வழக்கம்போல நின்னாரு. நான் கோவத்துல மொகத்தத் திருப்பிக்கிட்டேன். நின்னது போதும், போங்கன்னு சொன்னேன். போங்கன்னு மட்டும் சொன்னேன்க்கா. போயிட்டாரு."

ஏரிமேட்டில் நின்ற ரத்தினவேல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நான் என்ன சொல்ல? போயிட்டு வாங்கன்னா, திரும்ப வருவாரு. போங்கன்னு இன்னொரு தடவ என் வாயால எப்படிக்கா சொல்லுவேன்?"

ஜோதிமணியும் அழுதாள். நம் வீடுகளில் யாரும் யாரையும் போ என்று சொல்லி அனுப்புவதில்லை. சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். இந்தப் பெண் அந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதமாக மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நீங்களே சொல்லி அனுப்பிடுங்கக்கா."

"என்னால முடியாதுடா. யார் உக்காந்து கூப்பிட்டாங்களோ அவங்கதான் அனுப்பணும். அதுதான் முறை. நான் சொல்லித் தர்றேன், நீ சொல்லு. 'யதாஸ்தானம் கச்ச.' அதுக்கு..."

"அர்த்தம் சொல்லாதீங்க!" சரிதா அலறினாள்.

குழுவில் எந்தச் சொல் வந்தாலும் முதலில் அர்த்தம் கேட்கிறவள் அவள். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லவே கூடாது என்று இருநூறு பேருக்குப் பாடம் எடுத்தவள் ஜோதிமணி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரிதாவுக்கு அர்த்தம் தெரியும். ஆகச்ச என்றால் வா என்று தெரிந்தவளுக்கு, கச்ச என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தமிழில் கேட்காமல் இருந்தால் போதும் அவளுக்கு.

"சரி, சொல்லல" என்றாள் ஜோதிமணி. "கலசத்த வடக்கப் பாத்து நகர்த்து. சொல்லிட்டு, தண்ணிய ஏரில ஊத்திடு. திரும்பிப் பாக்காம கரைக்கு வா."

சரிதா மூச்சை இழுத்துக்கொண்டாள். கலசத்தை வடக்குப் பக்கமாக ஒரு முழம் நகர்த்தினாள். வலப்புறம் திரும்பி, ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணை நிமிர்த்தி, நிதானமாகச் சொன்னாள்.

"யதாஸ்தானம் கச்ச."

தேங்காயை எடுத்துத் தண்ணீரில் விட்டு, கலசத்தைச் சாய்த்தாள். நாற்பத்தெட்டு நாள் தண்ணீர் ஏரியில் விழுந்தது. மாவிலைகள் தண்ணீரைத் தொட்டதும் கறுத்து, சருகாகி, சுருண்டன. அலையில்லாமல் கிடந்த இடம் மெல்ல அசைந்தது. நடு ஏரியை நோக்கி ஒரு கோடு கிளம்பி, இருபதடி போயிற்று.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இஹ ஆகச்ச. இஹ திஷ்ட."

உச்சரிப்பில் ஒரு குறை இல்லை. ஜோதிமணி நிதானமாகச் சொல்லித் தருகிற அதே ஏற்ற இறக்கம். ரத்தினவேல் மண்டியிட்டு, இரண்டு கையையும் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு சமஸ்கிருதச் சொல் அவர் வாயில் வந்து அவள் கேட்டதில்லை.

"போகாதடா கௌதமா. அண்ணன்கிட்ட இருடா. நான் உன்ன ஒண்ணுமே கேக்க மாட்டேன். இஹ திஷ்ட. இஹ திஷ்ட."

"ஐயோ, என்னங்க பண்றீங்க? நிறுத்துங்க!"

நடு ஏரியை நோக்கிப் போன கோடு நின்றது. வளைந்தது. கரையை நோக்கித் திரும்பி, ஜோதிமணியின் பக்கமாக வந்து, அவள் முழங்காலைச் சில்லென்று தொட்டுவிட்டுக் கடந்து போயிற்று. எருமைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே இறங்கி வந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கின.

சரிதா காலிக் கலசத்தோடு கரையேறினாள். நடையில் ஒரு லேசு இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் தோள்கள் தளர்ந்திருந்தன. ரத்தினவேலின் அருகே வந்ததும் நின்றாள். அவர் அழுதபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, அவருக்கு இடப்பக்கம் பார்த்தாள். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கூப்பிட்டவங்கதான் அனுப்பணும் மாமா" என்றாள் மெதுவாக. "இனிமே நான் சொன்னா போக மாட்டாரு."

பிறகு அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு ஒதுங்கி, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு, அப்பா வீட்டுப் பக்கம் தனியாக நடந்து போனாள்.